குழாயில் இடம் யாருக்கு?

ஒரு வழித்தடத்தில் புதிய பஸ் விட்டு ஆள் ஏறாவிட்டால் நஷ்டம். விடாவிட்டால் மக்கள் திண்டாடுவார்கள். முதலிலேயே டிக்கெட் விற்றுப் பார்த்தால் என்ன? ஐரோப்பிய நாடுகள் எல்லை தாண்டும் வாயுக் குழாய்களுக்கு இம்முறையைத்தான் கையாளுகின்றன.

டிரான்ஸ் ஏட்ரியாட்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 878 கிலோமீட்டர். அஜர்பைஜானின் இயற்கை வாயு இதன் வழியே கிரீஸ், அல்பேனியா நாடுகளையும் கடலையும் கடந்து இத்தாலியை அடைகிறது. 2020-இல் வாயு ஓடத் தொடங்கியபோது இதன் கொள்ளளவு ஆண்டுக்கு 1,000 கோடி கன மீட்டர். அழுத்த நிலையங்களைக் கூட்டினால் இதே குழாயில் இரு மடங்கு வாயுவை அனுப்பலாம். 2022-இல் ரஷ்ய வாயுவின் வரத்து வெகுவாகக் குறையவே, கூடுதல் இடம் தேவைப்பட்டது.

யாருக்கு, எவ்வளவு? முதலில் வாயு வணிகர்களிடம் தேவையை விசாரிப்பார்கள். இதில் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. அடுத்தது உறுதிப் பதிவு. பதிவு செய்தவர் பின்னர் வாயு அனுப்பாவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும். அந்த வாடகைகளின் கூட்டுத்தொகை, செலவில் முன்பே வகுத்த பங்குக்கு ஈடானால்தான் வேலை தொடங்கும். புதிய இடத்தில் குறைந்தது 10 சதவீதத்தைப் பின்னால் வருவோருக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

அந்தப் பங்கை நிர்ணயிப்பதில்தான் சிக்கல். குறைத்து வைத்தால், காலிக் குழாயின் செலவு சாதாரண வீடுகளின் கட்டணத்தில் ஏறும். உயர்த்தி வைத்தால், தேவையான குழாயே வராது. குளிர்காலத்தில் அண்டை நாட்டு வீடுகளில் அடுப்பும் கணப்பும் அணையும்.

2023 ஜனவரியில் இக்குழாயில் 120 கோடி கன மீட்டர் கூடுதல் இடம், 2026 முதல் தருவதாகப் பதிவாயிற்று. நீங்கள் முடிவு செய்வதானால் அந்தப் பங்கை எவ்வளவு வைப்பீர்கள்?