இதயத்துக்கு ஒரு வழி – 11: பிளம்பர் கேள்வியும் பி.வி.சி. பலூனும்

தன் கை வழியாகத் தன் இதயத்துக்கே குழாய் ஏற்றிக்கொண்ட ஃபோர்ஸ்மன், இதயத் தமனியை முதன்முதலில் படம் பிடித்த சோன்ஸ், 82 வயது மூதாட்டியின் காலை வெட்டவிடாமல் காப்பாற்றிய டாட்டர் ஆகிய மூவரையும் பார்த்தாகிவிட்டது. இந்த வாரம் சென்னைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வருவோம். வழியில் ஜூரிக்கில் ஒரு சமையலறை மேஜை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

1960களில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் இளம் டாக்டராக இருந்தார். ரத்தக்குழாய் அடைப்போடு வந்த ஒரு நோயாளி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: பைப் அடைத்துக்கொண்டால் பிளம்பர் வந்து கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்கிறாரே, அதுபோல என் ரத்தக்குழாயையும் சுத்தம் செய்ய முடியாதா? டாக்டரிடம் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும். க்ரூன்ட்சிக் அந்தக் கேள்வியை மறக்கவே இல்லை. தன் வாழ்க்கை பற்றிப் பின்னாளில் எழுதியபோதும் அந்த நோயாளியை நினைவுகூர்ந்தார்.

1969-இல் அவர் ஜூரிக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தார். டாட்டரின் முறையைக் கற்றுக்கொண்டு கால் ரத்தக்குழாய்களில் செய்து பார்த்தார். அதன் குறை உடனே புரிந்துவிட்டது. டாட்டர் முதலில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துவார், அதன்மேல் அதைவிடத் தடித்த ஒன்றைச் செலுத்துவார். அடைப்பு எவ்வளவு அகலமாகத் திறக்கவேண்டுமோ, தொடையில் போடும் துளையும் அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும். இப்படிப்பட்ட குழாயை இதயத் தமனிக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். மெல்லியதாக உள்ளே போய், அடைப்புள்ள இடத்தில் மட்டும் விரிந்து, திரும்பவும் சுருங்கி வெளியே வருகிற ஒன்று வேண்டும்.

பலூன் என்று யாருக்கும் உடனே தோன்றும். பலருக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் ரப்பர் பலூனின் குணத்தைப் பாருங்கள். திருவிழாவில் விற்கும் நீள பலூனின் நடுவே விரல்களால் வளையம் போட்டுப் பிடித்துக்கொண்டு ஊதினால், பிடித்த இடம் அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு போகும். ரத்தக்குழாயிலும் இதுவேதான். கெட்டிப்பட்ட அடைப்பு அசையாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல பகுதி வீங்கி, கிழிந்தே போகலாம். பெர்லினில் போர்ஸ்ட்மன் என்பவர் ரப்பர் பலூனைக் கூண்டு போன்ற ஓர் உறைக்குள் அடக்கிப் பார்த்தார். அந்த உறையின் கீற்றுகள் ரத்தக்குழாயின் சுவரைக் காயப்படுத்தக்கூடியவை.

ஆகவே க்ரூன்ட்சிக்குக்கு வேண்டியது குறித்த அளவு வரை விரிந்து, அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் விரியாத பலூன். இந்த ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தார். சுவிட்சர்லாந்தின் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டார். ஷூ கயிறு செய்கிறவர்களிடம்கூடப் போனார்! உள்ளே பொள்ளலாக நெய்த பட்டு நூல் அவர்களிடம் இருந்தது. பலூனைச் சுற்றி அதைப் போட்டால் புடைப்பைத் தடுக்கலாம் என்பது கணக்கு. இதயத் தமனியில் அடைப்பு என்று படுத்திருப்பவருக்காக ஒரு டாக்டர் ஷூ கயிற்றுக் கம்பெனியின் கதவைத் தட்டியிருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அலைச்சலில்தான் அவர் ஹெய்ன்ரிக் ஹோப்பைச் சந்தித்தார். ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காட்டிய பொருள் பி.வி.சி. நம் ஊரில் போர்வெல்லில் இறக்கும் பைப்பும் அதே பி.வி.சி.தான், இது அதன் மிருதுவான வகை. பிளம்பரைப் பற்றி டார்ம்ஸ்டட்டில் கேட்ட கேள்விக்குக் கடைசியில் பிளம்பரின் சரக்கிலிருந்தே பதில் வந்தது. பி.வி.சி.யே போதுமான உறுதியாக இருந்ததால் பட்டு நூலுக்கு வேலை இல்லாமல் போனது.

இனி அந்த மேஜை. மருத்துவமனை வேலை முடிந்த மாலைகளில் க்ரூன்ட்சிக்கின் வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் கூடினார்கள்: அவர், மனைவி மிக்கேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ப், மரியாவின் கணவர். மெல்லிய பி.வி.சி. குழாயில் ஒரு துண்டை மட்டும் சூடாக்கி, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். இளகிய இடம் சிறு உருளையாக உப்பும். அதைக் கதீட்டரின், அதாவது ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாயின், நுனியில் பொருத்திப் பசையால் ஒட்டவேண்டும். பசை காய்ந்ததும் ஊதிப் பார்ப்பார்கள். கசியும், வெடிக்கும், ஒருபக்கமாகப் புடைக்கும். எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் கையால் செய்தது. இன்று கேத் லேபில் உறையைக் கிழித்து எடுக்கிற பலூனின் பாட்டன் பிறந்த இடம் அந்தச் சமையலறை.

1974 பிப்ரவரி 12 அன்று 67 வயதுக்காரர் ஒருவரின் தொடைத் தமனியில் முதல் பலூன் விரிந்தது. நடந்தாலே கால் வலித்தவருக்கு அந்த வலி தீர்ந்தது.

இதயம் இன்னும் தொலைவில் இருந்தது. அதற்கு ஒரே கதீட்டருக்குள் இரண்டு வழிகள் வேண்டியிருந்தன. ஒன்று பலூனை விரிக்க. மற்றொன்று அடைப்புக்கு அப்பால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அளக்க. அடைப்புக்கு முன்னே உள்ள அழுத்தத்துக்கும் பின்னே உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்தால் வழி திறந்துவிட்டது என்று பொருள். விரிப்பதற்குக் காற்று கூடாது, பலூன் வெடித்தால் காற்று ரத்தத்தில் கலந்துவிடும். எனவே திரவம். நாய்களில் செய்து பார்த்த முடிவுகளை 1976-இல் மயாமியில் நடந்த அமெரிக்க இதய சங்க மாநாட்டில் போஸ்டராக வைத்தார். பார்த்தவர்களில் அட்லாண்டாவின் ஸ்பென்சர் கிங்கும் ஒருவர். இது நடக்கவே நடக்காது என்று அன்று நினைத்ததாகக் கிங் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். க்ரூன்ட்சிக்கை எமரி பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவரப் பாடுபட்டவர்களில் அதே கிங் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1977 செப்டம்பர் 16, ஜூரிக். நோயாளி 38 வயது இன்ஷூரன்ஸ் ஊழியர். க்ரூன்ட்சிக்குக்கும் அப்போது அதே 38. இடது முன் தமனியில், அதாவது எல்.ஏ.டி.யில், தொடக்கத்திலேயே குட்டையாக ஓர் அடைப்பு. பைபாஸுக்குக் காத்திருந்தவர். மனிதர் ஒருவரின் இதயத்தில், கண் விழித்திருக்கும்போது, இதை யாரும் செய்ததில்லை என்று அவரிடம் மறைக்காமல் சொன்னார்கள். அவர் சம்மதித்தார். ஏதாவது நேர்ந்தால் நெஞ்சைத் திறக்க அறுவை சிகிச்சைக் குழு தயாராக நின்றது. அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் ஓகே சென்னிங், 1958-இல் ஸ்டாக்ஹோமில் முதல் பேஸ்மேக்கரை மனித உடலுக்குள் பொருத்தியவர். பைபாஸ் செய்யும் துறையின் தலைவரே, பைபாஸுக்குப் போட்டியாக வரக்கூடிய முறைக்கு இடம் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி இன்னும் நிறையப் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

பலூனை இரண்டு முறை விரித்தார்கள். விரியும் அந்த நொடிகளில் எல்.ஏ.டி.யில் ரத்த ஓட்டம் முற்றாக நிற்கும். எல்லோரும் பயந்தது அதற்குத்தான். இதயத் துடிப்பு தாறுமாறாகவில்லை. அவருக்கு நெஞ்சு வலியும் வரவில்லை. அழுத்த வித்தியாசம் இறங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

இத்தோடு கதையை நிறுத்தினால் அது வெறும் வீரக்கதை. எனக்குப் பிடித்த க்ரூன்ட்சிக் 1979-இல் வருகிறவர். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வெற்றி 32 பேரிடம். ஐந்து பேருக்கு அவசர பைபாஸ். மூன்று பேருக்கு மாரடைப்பின் அடையாளம் ஈ.சி.ஜி.யில் தெரிந்தது. எல்லாமே அதில் உண்டு. பைபாஸ் தேவைப்படுகிறவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கே இந்த முறை பொருந்தலாம் என்றும் எழுதினார். உலகமே தன் பலூனைக் கேட்டு நிற்கிற நேரத்தில், இது எல்லோருக்கும் ஆகாது என்று கண்டுபிடித்தவரே சொல்கிறார். 1978 முதல் ஜூரிக்கில் பயிற்சி வகுப்புகள் நடத்தி, டாக்டர்கள் கூடியிருந்த அரங்கில் தன் சிகிச்சையை நேரலையாகக் காட்டினார். சிக்கல் வந்தாலும் அவர்கள் கண்ணெதிரேதான் வரும். இன்று இதய மருத்துவ மாநாடுகளில் நடக்கும் நேரடி சிகிச்சைகளுக்கெல்லாம் முன்னோடி அந்த வகுப்புகள்.

அடைப்பு எப்படித் திறக்கிறது என்பதில் ஆரம்பத்தில் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. படிந்த கொழுப்பு நசுங்கி ஒதுங்குகிறது என்று முதலில் கருதினார்கள். உண்மையில் படிவு விரிசல் விட்டு, சுவர் நீண்டு, வழி அகலமாகிறது என்று பின்னர் தெரிந்தது. விரிசல் விட்ட சுவர் சிலருக்கு உடனே மூடிக்கொண்டது, பலருக்குச் சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. ஸ்டென்ட் பிறந்தது இந்தத் தலைவலியில்தான். அதற்குத் தனி வாரம் ஒதுக்கவேண்டும்.

1980-இல் அவர் அட்லாண்டாவின் எமரிக்குப் போனார். 1985 அக்டோபர் 27 அன்று தன் சொந்த விமானத்தைத் தானே ஓட்டிச் சென்றபோது ஜார்ஜியாவில் விபத்துக்குள்ளாகி, இரண்டாவது மனைவியோடு இறந்தார். வயது 46. அதே 1985-இல் டாட்டர், அவருடைய முறையில் உடன் உழைத்த ஜட்கின்ஸ், சோன்ஸ் மூவரும் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஒரு துறையை உருவாக்கிய நால்வர் ஒரே ஆண்டில் போனார்கள்.

அதற்குள் அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளுக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கோட்டயத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் எம்.டி.யும், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டி.எம்.மும் முடித்த மாத்யூ சாமுவேல் களரிக்கல். 1986-இல் இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது இந்தப் பலூன் சிகிச்சையை, தொடங்கிவைத்தவர். சென்னை வந்த பலூனின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)