ஞானப் பல்லை அகற்றுவதா, விட்டுவைப்பதா?

மனிதனுக்கு நிரந்தரப் பற்கள் 32 என்று பாடப் புத்தகங்கள் கூறுகின்றன. ஆயினும் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனின் வாயைப் பார்த்தால் பெரும்பாலும் 28 பற்களே காணப்படும். எஞ்சிய நான்கும் தாடையின் கோடியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப் பற்களாகும். இவை சாதாரணமாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே, அதாவது அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுவதால் ஞானப் பற்கள் எனப் பெயர் பெற்றன. இந்தி பேசுவோர் இவற்றை ‘அக்கல் தாட்’ என்பதும் இதே கருத்துப் பற்றியே. சிலருக்கு இவற்றில் ஒன்றோ, நான்குமோ உருவாவதே இல்லை, அது நோயன்று.

கடைசியாக வருபவனுக்குப் பந்தியில் இடம் கிடைக்காமற் போவது போலவே இப்பல்லுக்கும் நேருகிறது. தாடையில் இடம் போதாவிடில் அது முன்பக்கமாகச் சாய்ந்தோ, படுக்கையாகவோ, எலும்பினுள் புதைந்தோ நின்றுவிடுகிறது. எலும்பினுள் முழுவதும் புதைந்த பல் பல ஆண்டுகள் தொல்லை தராமலே இருக்கக்கூடும். பாதி வெளிவந்து பாதி ஈறினால் மூடப்பட்ட பல்லே பெரும்பாலும் துன்பம் தருவது. அந்த ஈறு மடிப்பின் அடியில் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன. அங்குப் பல் துலக்கி எட்டுவதில்லை. கிருமிகள் பெருகி ஈறு வீங்குகிறது. விழுங்கும்போது வலி, வாய் நாற்றம், வாயைத் திறக்க இயலாமை, சில சமயம் காய்ச்சல் ஆகியவை உண்டாகின்றன. பரீட்சைக் காலத்தில் கன்னம் வீங்கி வந்து நிற்கும் கல்லூரி மாணவருள் சிலருக்குக் காரணம் இதுவே.

அத்தகைய மாணவனிடம், “நான்கையும் பிடுங்கிவிடு” என்று ஒருவர் கூறுவார். “பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்” என்று வேறொருவர் அச்சுறுத்துவார். பின்னதற்கு ஆதாரமே கிடையாது. பற்களின் உணர்ச்சி நரம்புகள் வேறு. பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறைவதில்லை. முன்னதோ வைத்தியர்களிடையேயே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட பிரச்சினையாகும்.

தொல்லை வருமுன்னரே ஞானப் பற்களை எடுத்துவிடும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியிருந்தது. 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, முன்பற்கள் நெருங்கிவிடும் என்ற அச்சத்திற்காக மட்டும் இவற்றை எடுப்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை எனக் கூறிற்று. 2000-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், நோயற்ற புதைபற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி அறிவுறுத்தியது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில், முன்பக்கம் சாய்ந்த ஞானப் பல் அண்டைப் பல்லைத் தொடும் இடத்தில் சொத்தை விழுந்த நிலையில் பலர் அந்நாட்டு வைத்தியர்களிடம் வரலாயினர். கெட்டது ஞானப் பல் மட்டுமன்று. மெல்லுவதற்கு இன்றியமையாத இரண்டாம் கடைவாய்ப் பல்லும் கெட்டது. தொல்லை தராத புதைபல்லை எடுப்பது நல்லதா, விட்டுவைப்பது நல்லதா என்பதை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வும், 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில், முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றே தெரிவித்தது.

ஆகவே பல் கோணலாக இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியன்று. அது தீங்கு செய்கிறதா, செய்யும் நிலையில் நிற்கிறதா என்பதே கேள்வி. நேராக முளைத்து, துலக்க எட்டுகிற பல்லை எடுக்க வேண்டுவதில்லை. ஈறு வீக்கம் முதன்முறை வந்து, கடுமையின்றி இருந்தால், வைத்தியர் அவ்விடத்தைச் சுத்தம் செய்வதும் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பதும் பெரும்பாலும் போதும். மீண்டும் வருமாயின் பல்லை எடுப்பதே முறை. அடைக்க இயலாத சொத்தை, வேரைச் சுற்றிய நீர்க்கட்டி, அண்டைப் பல்லுக்குச் சேதம் ஆகியவற்றிலும் தயக்கம் கூடாது. சாய்ந்து அண்டைப் பல்லின் மீது முட்டி நிற்கும் பல் இப்போது வலிக்கவில்லை எனினும், எக்ஸ்ரே படமெடுத்து, வைத்தியருடன் கலந்து முடிவு செய்யத்தக்கது. அதை விட்டுவைப்பதென்றால் காலந்தோறும் சோதித்து வருதல் அவசியம். வலி வரும்வரை மறந்திருப்பது விட்டுவைத்தல் ஆகாது.

வயதும் கணக்கில் சேரும். வயது ஏற ஏற எலும்பு இறுகுவதால், எடுப்பது கடினமாகிறது, குணமடைதலும் தாமதமாகிறது. எடுத்தேயாக வேண்டிய பல்லாயின் இருபதுகளிலேயே எடுப்பது நலம். மறுபுறம், கீழ்ஞானப் பல்லின் வேர்களுக்கு அருகே கீழுதட்டிற்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. நாக்கின் நரம்பும் அணித்தே உள்ளது. இவை காயமுற்றால் உதடோ நாக்கோ மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது மாதங்களில் உணர்ச்சி மீளும். மிகச் சிலருக்கு மீளுவதில்லை. எக்ஸ்ரேயில் வேர் நரம்பை ஒட்டி இருப்பதாகத் தெரிந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்டறிவது நோயாளியின் உரிமை.

கிராமங்களில் பணியாற்றுவோர் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். வாய் திறக்க முடியவில்லை என்று வருபவர் எல்லோருக்கும் காரணம் ஞானப் பல் அன்று. ஞானப் பல்லால் வரும் இறுக்கம் சில நாட்களில், வலியுடன் தோன்றும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வாய் சுருங்கி, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருந்தால் அது பாக்கு, குட்கா மெல்லுவோருக்கு வரும் நார்த்திசு நோயாக இருக்கலாம். நம் நாட்டில் இதனை டாக்டர் ஜோஷி விவரித்தார். இது புற்றுநோய்க்கு இடந்தரக்கூடியது. பள்ளிச் சிறுவர்களிடமும் காணப்படுவதால் ஆசிரியரின் கண்ணே இதற்கு முதற் சோதனைக் கருவி. அவ்வாறே, ஞானப் பல் உராய்ந்ததால் வந்த புண் என்று எண்ணி இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத கன்னப்புண்ணை விட்டுவைத்தல் ஆகாது.

வலியுள்ள ஈற்றில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவது தசையைப் புண்ணாக்கும். புகையிலையை அடக்கிக் கொள்வது அதனினும் தீது. தாடைக்கடியில் வீக்கம் பரவி, நாக்கு மேலெழும்பி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ திணறல் ஏற்பட்டால், மறுநாள் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இங்கு மணித்தியாலங்களே உயிரைத் தீர்மானிக்கும்.

பல் எடுத்தபின் அன்று முழுவதும் கொப்பளித்தலும் பலமாகத் துப்புதலும் கூடாது. குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். புகைபிடித்தலும் ஆகாது. வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் குறையவேண்டும். மாறாக மூன்றாம் நாளளவில் வலி பெருகி, நாற்றம் எழுந்தால், அல்லது மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணிந்த பின்னும் மறுநாள் உதடு மரத்தே இருந்தால், அதே வைத்தியரிடம் திரும்பச் சென்று காட்டவேண்டும்.