இரைப்பைப் புற்றுநோய்: சிகிச்சைக்கு வழிகாட்டும் மரபணு மாற்றங்கள்

சென்னையில் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களுள் ஒன்று இரைப்பைப் புற்றுநோய். நோயின் நிலை ஒன்றாக இருந்தாலும் இரு நோயாளிகளின் வாழ்நாள் வேறுபடக்கூடும். கட்டியில் உள்ள மரபணு மாற்றங்கள் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

'ஹெர்-2' மரபணு மிகையாகச் செயல்படும் முற்றிய நோயாளிகளுக்குக் கீமோதெரபியுடன் டிராஸ்டுசுமாப் மருந்தும் அளித்தபோது, இடைநிலை வாழ்நாள் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாக உயர்ந்ததை 2010-இல் வெளியான 'டோகா' ஆய்வு காட்டியது.

டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் செயலிழந்த கட்டிகள் உள்ளோர், அறுவை சிகிச்சைக்குப் பின் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கின்றனர். இவர்களில் நோய் முற்றியோருக்கு இம்யூனோதெரபி நல்ல பலன் தருகிறது.

'சிடிஎச்-1' மரபணு மாற்றமோ சிலருக்குப் பரம்பரையாகத் தொடரக்கூடும். குடும்பத்தினருக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

பயாப்சி திசுவிலேயே ஹெர்-2, டிஎன்ஏ திருத்தக் குறைபாடு ஆகியவற்றைச் சோதிக்க இயலும். எனவே, நோய் உறுதியானதும் இச்சோதனைகள் குறித்து மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.