நீரிழிவில் காயம் ஆறத் தாமதிப்பது ஏன்?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் வயலுக்கும் காட்டுக்கும் நடந்து செல்வோருக்குக் காலில் முள் தைப்பது புதிதன்று. நலமுள்ளவரின் உடல் அக்காயத்தைச் சில நாள்களில் ஆற்றிவிடும். உங்களுக்கோ, உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ இரண்டாம் வகை நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருப்பின், அதே முள் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். இதற்கான காரணங்களுள் ஒன்று, நோயெதிர்ப்பு அணுக்களில் ஏற்படும் மாற்றமாகும்.

உணவு ஆற்றலாக மாறும்போது, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உயிரணுக்களில் சிறிதளவு உருவாகின்றன. அவற்றை அடக்கும் குளுட்டதயோன் போன்ற பொருள்கள் உடலிலேயே உள்ளன. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது முன்னவை பெருகிப் பின்னவை குறைகின்றன. இந்நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது.

இம்மூலக்கூறுகள் முற்றிலும் தீயவை அல்ல. நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணு, கிருமியை விழுங்கியபின் இவற்றையே ஆயுதமாகக் கொண்டு அதனை அழிக்கிறது. அவ்வாயுதத்தை உருவாக்கவும், குளுட்டதயோனைப் புதுப்பிக்கவும் என்ஏடிபிஎச் எனும் ஒரே பொருள் தேவைப்படுகிறது. மிகுதியான சர்க்கரையைச் சார்பிட்டாலாக மாற்றுவதிலும் அப்பொருளே செலவாகிறது. ஆகவே கட்டுப்பாடற்ற நீரிழிவில் இவ்வணுக்கள் தேவையற்ற வேளையில் அம்மூலக்கூறுகளைக் கசியவிட்டு உடலின் திசுக்களையே சிதைக்கின்றன. கிருமி நுழையும்போதோ தளர்ந்து நிற்கின்றன. புண்ணைத் துப்புரவு செய்து ஆற்றவேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்களும் அழற்சி நிலையிலேயே நீடிக்கின்றன.

அவ்வாறாயின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரைகளை உண்ணலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். வைட்டமின் ஈ கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், நீரிழிவு உள்ளோருக்கு மாரடைப்பு குறையவில்லை. விளம்பரங்களை நம்பி அவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வரும்போது வெள்ளையணுக்களின் செயல்திறன் மேம்படுகிறது. மலைத்தேன் இயற்கையானதே எனினும் அதுவும் சர்க்கரைதான். சாமையில் நார்ச்சத்து உண்டு, மாவுச்சத்தும் மிகுதி. எனவே அளவறிந்து உண்ணுங்கள்.

கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை எச்பிஏ1சி பரிசோதனை காட்டும். பெரும்பாலானோருக்கு அது 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் நன்று. இரத்தசோகை இருப்பின் அளவு மாறித் தோன்றலாம் என்பதால் அதனையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரைகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன.

நரம்புகள் பாதிக்கப்பட்ட காலில் வலி தெரியாது. ஆதலால் பராமரிப்பாளர் நாள்தோறும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். வீக்கம், சீழ், கருமை, காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நடக்க இயலாதபோது 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் பயணம் நீளும் என்பதால் மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது.

காசநோயும் நீரிழிவு உள்ளோரை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில நீரிழிவு மாத்திரைகளின் ஆற்றலைக் குறைக்கும் இயல்புடையது. எனவே சிகிச்சை தொடங்குமுன் நீங்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.