மெழுகுவத்தி செய்ய எந்த மெழுகை வாங்குவது?

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிட்டால் ஆனி, ஆடி வரை பல ஊர்களில் வயல் வேலை குறைவு. இந்த இடைக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய உபதொழில்களில் மெழுகுவத்தி தயாரிப்பும் ஒன்று. ஓர் அலுமினிய அச்சு, இரண்டு பாத்திரங்கள், ஓர் அடுப்பு இருந்தால் தொடங்கிவிடலாம். வேலை பழகச் சில நாட்களே ஆகும். ஆனால் தவறான மெழுகை மூட்டையாக வாங்கிவிட்டால் போட்ட முதல் திரும்புவது கஷ்டம்.

காரணம் இதுதான். மெழுகுவத்தி செய்ய நேரம் கிடைப்பது கோடையில். அதிகம் விற்பதோ, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணி திருவிழாவிலும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளிலும். செய்து வைத்த சரக்கு அதுவரை சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்கியாக வேண்டும். தகரக் கொட்டகையில் வைத்த பெட்டியைத் திறந்து பார்க்கும்போது வத்திகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார்.

பாரபின் மெழுகு, கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் எடுக்கும்போது பிரித்தெடுக்கப்படும் பொருள். நம் நாட்டில் சென்னையை அடுத்த மணலியிலும் அஸ்ஸாமில் டிக்பாயிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சரக்கும் வருகிறது. எல்லாவற்றுக்கும் பெயர் பாரபின்தான், குணம் ஒன்றல்ல. வாங்குகிறவர் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எத்தனை டிகிரியில் உருகும்? மற்றொன்று, எண்ணெய்ப் பசை எவ்வளவு?

52 டிகிரி செண்டிகிரேடில் உருகும் மெழுகு, 52 டிகிரி வரும்வரை கெட்டியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அதற்குப் பத்து டிகிரி முன்பாகவே இளகத் தொடங்கிவிடும். நம் கோடைக்கு 58 முதல் 60 டிகிரி வரை உருகுநிலையுள்ள மெழுகே ஏற்றது. மூட்டையின் மேல் 58/60 என்று போட்டிருப்பது இதைத்தான் குறிக்கிறது.

எண்ணெய்ப் பசையைப் பொறுத்தவரை, முழுவதும் சுத்திகரித்த மெழுகில் அது அரை சதவீதத்துக்குள் இருக்கும். அரைகுறையாகச் சுத்திகரித்ததில் அதிகம். அப்படிப்பட்ட மெழுகு விலை சல்லிசு; ஆனால் வத்தி வியர்க்கும், எரியும்போது புகையும், மண்ணெண்ணெய் வாடை வரும். நல்ல மெழுகு பளிச்சென்ற வெண்மையாக இருக்கும், வாடை இராது, தேய்த்தால் விரலில் பிசுபிசுக்காது. சிறிது சீவி, மை ஒற்றும் தாளில் மடித்து, கனமான பொருளை மேலே வைத்து ஒருநாள் நிழலில் விட்டுப் பார்க்கலாம். தாளில் எண்ணெய்க் கறை பரவியிருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

உருகுநிலையையும் வீட்டிலேயே சோதிக்கலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படும் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஒரு கிண்ணம் உருகிய மெழுகில் அதை நிறுத்தி, மெள்ளக் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். விறுவிறுவென்று இறங்கிவரும் சூடு ஓரிடத்தில் சற்று நேரம் நகராமல் நிற்கும். மெழுகு உறையத் தொடங்கும் அந்த இடமே அதன் உருகுநிலை. கடைக்காரர் 58 என்று சொன்ன சரக்கு 53-ல் நின்றால் விஷயம் விளங்கிவிடும். எனவே முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு மூட்டை வாங்குவது நலம்.

ஒரு கிலோ மெழுகுக்கு 50 முதல் 100 கிராம் வரை ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. வத்திக்குப் பால்போன்ற நிறமும் உறுதியும் கிடைக்கும். அச்சிலிருந்து எளிதில் கழன்றும் வரும். ஆனால் மட்டமான மெழுகை இது நல்ல மெழுகாக மாற்றிவிடாது. தேனீ வளர்ப்பவர்கள் தங்கள் தேன்மெழுகைச் சிறிது சேர்க்கலாம். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தால் கட்டுப்படியாகாது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கவே கூடாது. அகலமான பாத்திரத்தில் நீர் ஊற்றி, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். நீர் கொதிக்கும் சூட்டை மெழுகு தாண்டாது. நேரடி நெருப்பில் சூடு ஏறிக்கொண்டே போய், புகைந்து, திடீரென்று தீப்பற்றும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது பெரும் ஆபத்து; எரியும் மெழுகு நாலாபுறமும் சீறித் தெறிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடிவிட வேண்டும். அருகில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். வைக்கோல் போருக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் பக்கத்தில் இந்த அடுப்பு வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் நெருங்கக் கூடாது.

அச்சின் உட்புறம் தேங்காய் எண்ணெயைத் துணியால் லேசாகத் தடவி, திரியை விறைப்பாக இழுத்துக் கட்டி, 75, 80 டிகிரி சூட்டில் மெழுகை ஊற்ற வேண்டும். உறையும்போது மெழுகு சுருங்குவதால் நடுவில் குழி விழும். இன்னும் கொஞ்சம் ஊற்றி நிரப்பலாம். சீக்கிரம் ஆறட்டும் என்று ஐஸ் தண்ணீரில் வைத்தால் வத்தி வெடிக்கும். சாதாரண நீரே போதும். திரி பின்னிய பருத்தித் திரியாக இருக்கட்டும். மெல்லிய திரி உருகிய மெழுகில் மூழ்கி அணையும், தடித்தது புகையும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு வத்தியை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். ஒரு வத்தி போனால் போகிறது.

ஒரு கிலோ மெழுகும் 100 கிராம் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்தால், 20 கிராம் எடையில் 55 வத்திகள் வரவேண்டும். சிந்தல், சீவல் போக இரண்டொன்று குறையலாம். சீவலைத் துணியில் வடிகட்டி மறுபடியும் உருக்கிக் கொள்ளலாம். ஆனால் அச்சு சற்றுப் பெரிதாகி வத்தி 22 கிராம் ஆனால் ஐம்பதுதான் கிடைக்கும். அச்சு வாங்கும்போதே அதில் ஒரு வத்தி வார்த்து எடை பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசலாம்.