முகத்துவாரத் திட்டத்தில் ஊர்க்காரரை எப்போது கேட்பது?

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பருவநிலை மாற்றம் இரண்டு பக்கமும் நெருக்குகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து குறையும் ஆண்டுகளில் உப்பு இன்னும் உள்ளே ஏறுகிறது. இதற்குப் போடும் திட்டங்களில் ‘உள்ளூர் மக்களைக் கலந்து’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பல நேரம் அது எல்லாம் முடிவான பிறகு நடக்கும் கூட்டம். கையெழுத்து, டீ, பிஸ்கட்டோடு சரி.

முதலிலேயே ஏன் கேட்க வேண்டும் என்பதைப் பிச்சாவரத்தில் பார்க்கலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இந்த அலையாத்திக் காடு பல இடங்களில் பட்டுப்போனது. ஊர்க்காரர்கள் மாடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதும்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு கதை வெளிவந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியிருக்கிறார்கள். வெயில் நேரே பட்ட ஈரமண் காய்ந்து அமுங்கி, தரை நடுவில் குழிந்துவிட்டது. கடல் ஏறும் ஏத்தத்தில் உள்ளே வந்த தண்ணீர், கடல் இறங்கும் வத்தத்தில் வெளியேற வழியில்லாமல் நின்று காய்ந்தது; மண்ணில் உப்பு ஏறியது. பழைய காரணத்தையே நம்பியிருந்தால், வேலி போட்டு ஊரை வெளியே நிறுத்துவதுதான் வைத்தியமாகியிருக்கும். காடு பிழைத்திருக்காது.

வைத்தியம் வாய்க்கால்தான். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவில். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரமாக அலையாத்திச் செடிகள் நடப்பட்டன. வனத்துறையோடு கிராமக் குழுக்களும் இதில் இறங்கின.

யாரைக் கேட்பது? பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்கள், ஆண்களும் பெண்களும், தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். எந்த வாய்க்கால் தூர்ந்தது என்பது இவர்கள் கைக்கும் காலுக்கும் தெரியும். ஆனால் பொதுக் கூட்டத்தில் படகும் வலையும் உள்ளவர் பேச்சுதான் எடுபடும். ஆகவே இவர்களோடு தனியே, இவர்கள் ஊரிலேயே, இறாலுக்கு இறங்காத நேரம் பார்த்து உட்கார வேண்டும். பகல் 11 மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும்.

கேள்வியும் முக்கியம். “உங்கள் கருத்து என்ன?” என்றால் ஒன்றும் பெயராது. முகத்துவாரத்தை எந்த மாதம் மணல் மூடுகிறது? எந்தக் கிணறு எப்போதிலிருந்து கரிக்கிறது? புயல் என்றால் படகை எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறீர்கள்? பதிலை அவர்கள் எதிரிலேயே வரைபடத்தில் குறித்து, நகல் ஒன்றை ஊரில் விட்டுவர வேண்டும்.

இன்னொன்று, பணம். வெட்டிய வாய்க்காலில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். திட்டக் காலம் முடிந்த பிறகும் தூர் வார வேண்டும். செடி நடுவதற்கு ஒதுக்கீடு சுலபமாகக் கிடைக்கும், படமும் எடுக்கலாம். தூர் வாரும் கூலியை எந்தத் துறை தரும், வேலை எந்த ஊருக்கு என்பதை முதல் வரைவிலேயே ஊர்க்காரர்களோடு பேசி எழுதிவிடுவது நல்லது.