புதிய வலிநிவாரணியை எதனோடு ஒப்பிடுவது?

சத்திரசிகிச்சையின் பின் மயக்கம் தெளியும் நோயாளி முதலில் உணர்வது வலியையே. அதனைத் தணிக்க மோர்பின் போன்ற அபின் வகை மருந்துகளையே மருத்துவ உலகம் நெடுங்காலமாக நம்பியிருக்கின்றது. ஆயினும், அதே மருந்து அளவு மீறினால் சுவாசத்தை ஒடுக்கி உயிரையும் பறித்துவிடும். எனவே, வலியைத் தணித்துச் சுவாசத்தைப் பாதிக்காத மருந்தொன்று தேடப்படுவதில் வியப்பில்லை. அத்தேடலில் உருவான ஒலிசெரிடின் என்ற மருந்தின் வரலாறு நமது கவனத்துக்குரியது.

பீற்றா அரெஸ்டின் 2 என்னும் புரதம் இல்லாத எலிகளில் மோர்பின் கூடுதலாக வலியைத் தணிப்பதாக 1999 இல் அறியப்பட்டது. அவ்வெலிகளில் சுவாச ஒடுக்கமும் குறைவு என 2005 இல் மற்றுமோர் ஆய்வு கூறியது. அப்புரதத்தை அதிகம் தூண்டாத மருந்தாகவே ஒலிசெரிடின் வடிவமைக்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில், கால் பெருவிரலருகே புடைத்த எலும்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கும் வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சைக்கும் உட்பட்டோரிடம் இது பரிசோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்குப் புதிய மருந்தும், வேறொரு சாராருக்கு மோர்பினும், எஞ்சியோருக்கு மருந்தற்ற போலி ஊசியும் வழங்கப்பட்டன. வலி தாங்க முடியாதோருக்கு வேறு நிவாரணி கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது.

போலி ஊசியைவிட ஒலிசெரிடின் சிறந்ததென்பது நிரூபணமாயிற்று. ஆனால், மோர்பினைவிடச் சுவாசத்துக்குப் பாதுகாப்பானது என்பது புள்ளிவிபர ரீதியாக நிறுவப்படவில்லை. 2018 ஒக்டோபரில் ஆலோசனைக் குழு 8இற்கு 7 என்ற வாக்குகளால் எதிர்த்தது. 2020 ஓகஸ்டில் அனுமதி கிடைத்தபோதும், அடிமையாதல், சுவாச ஒடுக்கம் பற்றிய கடும் எச்சரிக்கையும் நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் என்ற வரம்பும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டில் வெளியான வேறு ஆய்வுகளிலோ, அப்புரதம் இல்லாத எலிகளிலும் மோர்பின் சுவாசத்தை ஒடுக்கியமை தெரியவந்தது.

போலி மருந்துடனான ஒப்பீடு, மருந்து வேலை செய்கின்றதா என்ற வினாவுக்கே விடையளிக்கும். கைவசமுள்ள மலிவான மருந்தைவிட அது மேலானதா என்பதை, அம்மருந்துடன் ஒப்பிட்டே அறிய முடியும். அனுமதி பெற்றது என்பதனாலேயே ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது. சத்திரசிகிச்சையின் வேதனைக்கு மத்தியிலும் பரிசோதனைக்குச் சம்மதித்த நோயாளர்கள், பின்வருவோர் பயனடைய வேண்டுமென்றே அதனைச் செய்தனர். அவர்களிடமிருந்து பெறப்பட்ட முடிவுகளை, சாதகமானவை பாதகமானவை என்ற பேதமின்றி முழுமையாக வெளியிடுவதே அவர்களுக்குச் செய்யும் நியாயமாகும். புதியதென்ற பெயருக்காக அதிக விலை கொடுக்குமுன், எதனோடு ஒப்பிட்டீர்கள் என நாம் கேட்டாக வேண்டும்.